நோவாவின் வெள்ளமும் சுவரில் விழுந்த சேற்றுக்கோடும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மழைக்காலம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நோவாவின் காலத்து வெள்ளம் உலகம் முழுவதையும் மூடிய நிகழ்வாக இருந்திருக்க முடியாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாப் பதில்களுக்கும் சேர்த்து வந்தவற்றை விட அதிகம். பலர் கோபித்திருக்கிறார்கள், சிலர் மகிழ்ந்திருக்கிறார்கள். மகிழ்ந்தவர்களின் கடிதங்களில் பிறருடைய நம்பிக்கையை எள்ளும் தொனி இருந்தபடியால் அவற்றை ஒதுக்கிவிட்டு, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் எங்கள் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கிறேன். நோவாவின் கதையைப் படிப்பித்தபோது, "இது உண்மையாக நடந்ததா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "நடந்தது" என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமையே உங்கள் பதிலை வாசித்தேன். கடவுளால் முடியாதது ஏது? நீங்கள் எதை வைத்து முடியாது என்கிறீர்கள்? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: கடவுளால் முடியுமா என்பது என்னுடைய கேள்வி அன்று, அம்மா. எல்லாம் வல்லவர் வெள்ளத்தை வரவழைத்துப் பின்னர் அதன் அடையாளங்களையும் துடைத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னால், அவரோடு விவாதிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து நடந்தது என்று வாதிடுபவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மலைகளிலும் மண்ணிலும் சான்று கிடக்கிறது என்கிறார்கள். சான்று என்று வந்துவிட்டால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நூல் சொல்வதைப் பார்ப்போம். விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் 7ஆம் அதிகாரத்தின்படி 40 பகலும் 40 இரவும் மழை பெய்கிறது. வானத்தின் கீழுள்ள உயர்ந்த மலைகள் எல்லாம் மூழ்கி, அவற்றுக்கு மேல் 15 முழம் தண்ணீர் நிற்கிறது. இன்றைய மலைகளில் உயர்ந்த எவரெஸ்ட் 8,849 மீற்றர். அதை 40 நாளில் மூட வேண்டுமானால் நீர்மட்டம் நாளொன்றுக்கு 220 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் ஏற வேண்டும். கொழும்பில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள்: நம்முடைய நான்கு ஆண்டு மழை ஒவ்வொரு மணித்தியாலமும் கொட்டியிருக்க வேண்டும். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் பெய்து நகரமே நிலைகுலைந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் போல 450 மடங்கு, இடைவிடாமல் 40 நாள். அவ்வளவு நீருக்கு எங்கே போவது? உலகின் வளிமண்டலத்தில் உள்ள நீராவி முழுவதும் ஒரே சமயத்தில் மழையாக இறங்கினாலும் நிலத்தில் சராசரியாக 25 மில்லிமீற்றர்தான் தேறும். பூமியை எவரெஸ்ட் உயரத்துக்கு மூடுவதற்கு ஏறத்தாழ 450 கோடி கன கிலோமீற்றர் நீர் வேண்டும். எல்லாச் சமுத்திரங்களிலும் இருப்பது 133 கோடியளவு.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. வெள்ளத்துக்கு முன் மலைகள் தாழ்வாக இருந்தன, வெள்ளத்துக்குப் பின்னரே உயர்ந்தன என்பார்கள். பூமியின் மேற்பரப்பு முழுவதையும் சமமாக நிரவிவிட்டால் இருக்கிற கடல்நீரே அதனை 2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு மூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரம் மலைகள் ஏற்கெனவே உயர்ந்து நின்றதாகவே சொல்கிறது. இமயமலை எட்டுக் கிலோமீற்றர் உயர்ந்தது சில நூற்றாண்டுகளில் என்றால், அந்தக் குலுக்கலை எந்த நாட்டின் எழுத்தும் குறிக்காமல் விட்டது எப்படி?

கணக்கை விட எனக்கு ஒரு சேற்றுக்கோடுதான் பெரிய சான்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையில் என் நண்பர் ஒருவரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பின்னர் துப்புரவு செய்யப் போனோம். சுவரில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அதே கோடு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், சுவரில் தொங்கிய நாட்காட்டியில், கல்யாணப் படத்தின் சட்டத்தில். வெளியே வந்தால் ஒழுங்கை முழுவதும், வீட்டுக்கு வீடு, நூல் பிடித்தாற்போல ஒரே மட்டம். பிறகு இரண்டு தடவை வர்ணம் பூசினார். மழைக்காலத்தில் அந்தக் கோடு மங்கலாக மேலே வந்துவிடும். வெள்ளம் கையொப்பம் இடாமல் போவதில்லை. நாலைந்து நாள் நின்ற தண்ணீருக்கே அப்படி என்றால், ஓராண்டு உலகை மூடி நின்ற தண்ணீர், எல்லாக் கண்டங்களிலும் ஒரே வயதுள்ள ஒரு கோட்டை விட்டுப் போயிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டைத் தேடியவர்கள் உண்டு. 1929இல் தொல்லியலாளர் லெனார்ட் வூலி தென் ஈராக்கின் ஊர் என்னும் பழைய நகரில் தோண்டிக்கொண்டு போனபோது, மனிதர் வாழ்ந்த தடயமுள்ள மண்படைகளுக்கு நடுவே ஏறத்தாழ மூன்று மீற்றர் தடிப்பில் சுத்தமான வண்டல் மண்ணைக் கண்டார். உடனிருந்த உதவியாளர்கள் இருவருக்கு விளங்கவில்லை. அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, "வேறென்ன, அந்த வெள்ளம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாக வூலியே எழுதியிருக்கிறார். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் ஊர் நகரிலேயே தோண்டிய எல்லாக் குழிகளிலும் அந்தப் படை கிடைக்கவில்லை. சில மைல் தொலைவிலுள்ள எரிதுவில் அது இல்லவே இல்லை. ஷுருப்பாக் நகரில் கிடைத்த வெள்ளப் படையோ ஊர் நகரில் கிடைத்ததற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. யூப்ரடீஸும் டைகிரிஸும் வெவ்வேறு காலங்களில் கரை உடைத்த கோடுகள் அவை. ஒழுங்கைக்கு ஒரு மட்டம். உலகுக்கு ஒரு மட்டம் அல்ல.

காலக்கணக்கும் இடிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர் விவிலியத்தின் வம்ச அட்டவணைகளைக் கூட்டி, வெள்ளத்தைக் கி.மு. 2348 அளவில் வைத்தார். (பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் எண்களைக் கொண்டால் சில நூற்றாண்டுகள் முன்னே போகும்.) அந்தக் காலத்தில் எகிப்தில் ஐந்தாம், ஆறாம் அரச மரபுகள் இடையறாமல் ஆண்டுகொண்டிருந்தன, கீசாவின் பெரிய பிரமிட்டைக் கட்டி முடித்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கலிபோர்னியாவின் வெண்மலைகளில் 4,800 ஆண்டுக்கு மேற்பட்ட வயதுடையதாகக் கணக்கிட்ட ஒரு பைன் மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. அஷரின் கணக்குப்படி வெள்ளம் வந்தபோது அதற்கு வயது ஐந்நூறுக்கு அண்மையில். ஓராண்டு உப்புநீருக்கு அடியில் கிடந்த மரம் தளிர்ப்பதில்லை. கிரீன்லாந்தின் பனிப்பாளத்தில் ஆண்டுக்கு ஆண்டு படிந்த அடுக்குகளைப் பல்லாயிரக் கணக்கில் எண்ணியிருக்கிறார்கள். கடல் அதன்மேல் ஏறியிருந்தால் பனிக்கட்டி மிதந்து உடைந்து போயிருக்கும்.

பிள்ளைக்கு என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். உங்கள் திருச்சபையே இதற்கு வழிவிட்டிருக்கிறது. தொடக்க நூலின் முதல் 11 அதிகாரங்கள் கிரேக்க, இலத்தீன் வரலாற்றாசிரியர்கள் எழுதிய முறையில் எழுதப்பட்டவை அல்ல என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் வெளியிட்ட சுற்றுமடல் ஏற்றுக்கொள்கிறது. அதே வேளையில் அவை ஒரு பொருளில் வரலாற்றைச் சார்ந்தவை என்றும் சொல்கிறது. ஆகவே "நடந்தது" என்றோ "பொய்" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லாமல், இந்தக் கதையைச் சொன்னவர்கள் யார், எந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களிடமிருந்து அதைக் கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். கேட்ட பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை.

கேள்வி: எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில். கிணறு வெட்டும்போது வரும் சுண்ணக்கல்லில் கடற்சிப்பிகள் பதிந்திருப்பதைச் சிறு வயதில் கண்டிருக்கிறேன். கடல் ஒரு காலத்தில் நிலத்தின்மேல் ஏறியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: கடல் இருந்ததற்குச் சான்று, ஏறி இறங்கியதற்கு அன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அதாவது 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், அந்த இடம் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலாக இருந்தபோது, சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் செத்துச் செத்துப் படிந்து இறுகிய கல். புயல்வெள்ளம் அள்ளிக் கொட்டிய குப்பையில் கல்லும் மரமும் எலும்பும் கலந்து கிடக்கும்; உங்கள் கிணற்றுக் கல்லில் அந்தக் கலப்படம் இல்லை.

இதே கேள்வியை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லியொனார்டோ டா வின்சி தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். வட இத்தாலியின் மலைகளில் கிடந்த சிப்பிகளை நோவாவின் வெள்ளம் கொண்டுவந்தது என்று எல்லோரும் சொன்னபோது, ஊர்ந்து செல்லும் மட்டி ஒன்று கடலிலிருந்து 250 மைல் தொலைவை 40 நாளில் எப்படிக் கடக்கும் என்று தம் குறிப்பேட்டில் எழுதினார். இரண்டு ஓடுகளும் பிரியாமல் சேர்ந்தே இருந்த சிப்பிகளைப் பார்த்து, அவை அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தவை என்ற முடிவுக்கு வந்தார். எவரெஸ்ட்டின் உச்சியிலும் சுண்ணக்கல்லும் கடலுயிர் எச்சங்களும் உண்டு; கடல் அங்கே ஏறவில்லை, கடலின் அடித்தளம்தான், இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு முட்டியதால், மெல்ல மெல்ல மேலே ஏறியது.

கேள்வி: துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவன் நான். நோவா குடும்பத்தோடும் விலங்குகளோடும் ஏறித் தப்பிய பேழையின் அளவு ஒரு கப்பலுக்குப் பொருத்தமான அளவு என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரியா? (வாசகர், மட்டக்குளி)

பதில்: நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. முழத்தை 45 சென்ரிமீற்றர் என்று கொண்டால் ஏறத்தாழ 135 மீற்றர் நீளம். பார்வைக்குச் சரக்குக் கப்பலின் விகிதம்தான். இரும்பால் கட்டினால் மிதக்கும். சிக்கல் மரத்தில் இருக்கிறது. 1909இல் அமெரிக்காவில் கட்டிய வயோமிங் என்ற பாய்க்கப்பல், மரத்தால் கட்டப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று, இரும்புப் பட்டைகள் அடித்து இறுக்கியும் அலையில் உடல் வளைந்து, பலகை இடுக்குகளில் நீர் புகுந்து, எந்நேரமும் இறைத்துக்கொண்டே ஓடியது, 1924இல் மூழ்கியது. அதன் தளத்தின் நீளம் பேழையை விடக் குறைவு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் ஏறத்தாழ 90 அடி. பேழை அதைப் போல ஐந்து மடங்கு.

ஆனால் எபிரேயத்தில் அது கப்பலே அன்று. "தேவா" என்று ஒரு சொல். பெட்டி என்று பொருள். விவிலியம் முழுவதிலும் அந்தச் சொல் இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது: குழந்தை மோசேயை நைல் நதியில் விட்ட கூடைக்கு. இரண்டுக்கும் கீல் பூசுகிறார்கள், இரண்டுக்கும் பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கப்பல் என்று எழுதாமல் பேழை என்று எழுதியது அவர்களுடைய கூர்மை.

இறங்கிய பிறகுதான் பெரிய சிக்கல். சிங்கராஜ வனத்தில் செடித்தவளைகள் இருக்கின்றன. தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல் முட்டையிலிருந்து நேரே தவளையாக வெளிவருபவை. அவற்றின் பல இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அவை பேழை தங்கியதாகச் சொல்லப்படும் துருக்கியின் மலையிலிருந்து புறப்பட்டு, பாலைவனங்களைத் தாண்டி, பாக்கு நீரிணையின் உப்புநீரையும் கடந்து, வழியில் ஒரு குஞ்சையும் விட்டுவிடாமல் இரத்தினபுரிப் பக்கம் வந்து சேர்ந்தன என்று நம்ப வேண்டும். தீவுகளுக்கு விலங்குகள் எப்படிப் போயின என்று புனித அகுஸ்தீனாரே ஐந்தாம் நூற்றாண்டில் யோசித்திருக்கிறார்: நீந்திப் போயிருக்கலாம், மனிதர் கொண்டு போயிருக்கலாம், வானதூதர் சுமந்திருக்கலாம் என்று அவர் எழுதினார். தீவில் வாழும் நமக்கு அந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது.

கேள்வி: உலகெங்கும் வெள்ளக் கதைகள் உள்ளன. தமிழரிடம் கடல்கோள், இந்துக்களிடம் மனுவும் மீனும், சீர்காழியில் தோணி. எல்லோரும் ஒன்றையே சொல்வது ஏன்? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஒன்றையே சொல்லவில்லை என்பதுதான் விடை. நம்முடைய கடல்கோள், கடல் நிலத்தைக் கொண்டுபோய்த் திருப்பித் தராத கதை. அதில் பேழையும் இல்லை, விலங்குகளும் இல்லை, உலகம் அழிவதும் இல்லை. மகாவம்சத்தில் களனி மன்னன் திஸ்ஸன் செய்த கொடுமைக்காகக் கடல் உள்ளே புகுகிறது. இளவரசியைப் படகில் விட்டு அனுப்பியதும் அடங்குகிறது. நைலின் ஆண்டு வெள்ளத்தை நம்பிப் பயிர் செய்த எகிப்தியருக்கு வெள்ளம் பெரும்பாலும் வரம். ஆற்றோரமும் கடலோரமும் வாழும் மக்கள் எல்லோருக்கும் தண்ணீரைப் பற்றிக் கதை இருக்கும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே ஒத்துப்போகும் கதை ஒன்று உண்டு. அது வேறு திசையில் இழுக்கிறது. 1872இல், நோட்டு அச்சடிக்கும் தகடுகளைச் செதுக்கும் தொழில் பழகி, மதிய உணவு வேளைகளில் ஆப்பெழுத்துப் படித்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவர், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நினிவே நகரத்துக் களிமண் பலகை ஒன்றை வாசித்தார். ஒரு மனிதன் தெய்வ எச்சரிக்கை பெற்றுக் கலம் கட்டுகிறான், கீல் பூசுகிறான், உயிர்களை ஏற்றுகிறான், கலம் மலையில் தட்டி நிற்கிறது, புறாவையும் தகைவிலானையும் காகத்தையும் பறக்க விடுகிறான், காகம் திரும்பவில்லை, பலி செலுத்துகிறான். மகிழ்ச்சி தாங்காமல் ஸ்மித் அறைக்குள் ஓடி மேலாடையைக் கழற்றத் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. படிப்பாளிகளுக்கு அப்படியும் நேரும். அந்தப் பலகை கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் பிரதி. ஆனால் அத்ரஹாசிஸ் என்ற பெயரில் அதே வெள்ளக் கதை அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பறவைகளை விடுவது போன்ற சின்ன விவரம் தற்செயலாக ஒத்துப்போகாது. கதை மெசொப்பொத்தேமியாவிலிருந்து, அதாவது இன்றைய ஈராக் பக்கத்திலிருந்து, இஸ்ரயேலருக்கு வந்திருக்கிறது.

கேள்வி: திருக்குர்ஆனிலும் நூஹ் நபியின் வெள்ளம் வருகிறதே. உங்கள் பதில் எங்களுக்கும் பொருந்துமா? (வாசகர், மருதானை)

பதில்: முழுவதும் பொருந்தாது. ஹூத் அத்தியாயத்தில் கப்பல் ஜூதி மலையில் தங்குகிறது. நபியின் மகன் ஏற மறுத்து அலையில் மடிகிறான். ஆனால் மழை 40 நாள் என்றோ, மலைகளுக்கு மேல் 15 முழம் என்றோ அளவுகள் இல்லை. நூஹ் தம் சமூகத்தாருக்கே அனுப்பப்பட்டார் என்பதைக் கொண்டு, வெள்ளமும் அவர்களையே பிடித்தது என்று விளங்கிக்கொண்ட அறிஞர்கள் உண்டு. நான் மேலே அளந்தது தொடக்க நூல் தரும் எண்களை.

கேள்வி: அப்படியானால் அது ஒரு பிரதேச வெள்ளம் என்று வைத்துக்கொண்டால் போதாதா? இயேசுவே "நோவாவின் நாட்களில் நடந்ததுபோல" என்று சொல்லியிருக்கிறாரே. அதைக் கதை என்று சொன்னால் அவரைப் பொய்யராக்குவதாகாதா? (வாசகர், வத்தளை)

பதில்: பிரதேச வெள்ளம் என்ற வழி பலருக்கும் பிடித்த நடுவழி. எபிரேயத்தில் பூமி என்பதற்கும் நாடு என்பதற்கும் ஒரே சொல். யோசேப்பிடம் தானியம் வாங்க "பூமியெங்கும்" இருந்து எகிப்துக்கு வந்தார்கள் என்று தொடக்க நூலே பின்னால் எழுதுகிறது. 1997இல் வில்லியம் றையன், வோல்ட்டர் பிட்மன் என்ற இரு ஆய்வாளர்கள், ஏறத்தாழ 7,600 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் கருங்கடலுக்குள் பாய்ந்ததை இதற்கு மூலமாகக் காட்டினார்கள். பாய்ந்த வேகத்தையும் அளவையும் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் இந்த வழியில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரதேச வெள்ளம் என்றால் நோவா பேழை கட்டியிருக்க வேண்டியதில்லை, நடந்து போயிருக்கலாம். பறவைகளைச் சுமந்திருக்க வேண்டியதே இல்லை. "வானத்தின் மதகுகளும் திறவுண்டன" என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. குளத்து மதகைத் திறப்பதைக் கண்ட எவருக்கும் அது தெளிவான படம்: மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம், நடுவில் உலகம். முதல் அதிகாரத்தில் கடவுள் பிரித்து வைத்த நீர்கள் மறுபடி ஒன்றாகின்றன. கதை சொன்னவர் உலகம் முழுவதையும்தான் சொன்னார். நம் வசதிக்காக அவருடைய கதையை ஒரு மாவட்டத்துக்குள் அடக்குவது, எழுத்துக்கு எழுத்து நம்புவதைவிடவும் அவருக்குச் செய்யும் பெரிய அநீதி என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு: இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், எரிகோ வீதியில் கள்வரிடம் அகப்பட்டு அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊரான் என்று நாம் விசாரிப்பதில்லை. மத்தேயுவின் 24ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்ல வந்தது, மக்கள் உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் அசட்டையாக இருந்தார்கள் என்பது. கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுத்து உவமை சொன்னவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களும் நானும் "கும்பகர்ணன் மாதிரித் தூங்குகிறான்" என்று சொல்லும்போது இராமாயணத்தின் வரலாற்றுத் தன்மைக்குச் சாட்சி சொல்லவில்லை.

கேட்ட கதையை இஸ்ரயேலர் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அத்ரஹாசிஸ் கதையில் மனிதர் பெருகிச் சத்தம் போடுகிறார்கள், என்லில் என்ற தேவனின் தூக்கம் கெடுகிறது, அதற்காகவே வெள்ளம். வெள்ளத்துக்குப் பின்னர், பலி இல்லாமல் பட்டினி கிடந்த தேவர்கள் புகை மணத்துக்கு ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். தொடக்க நூலில் காரணம் சத்தம் அன்று. பூமி வன்முறையால் நிறைந்திருந்தது. கடவுள் பசித்தவர் அல்லர், வருந்துகிறார். முடிவில், மனித இதயத்தின் எண்ணம் இளமை முதலே தீயது என்று அறிந்தும், இனி அழிப்பதில்லை என்று உடன்படிக்கை செய்கிறார். அதாவது வெள்ளத்தால் மனிதன் திருந்தவில்லை என்று கதையே ஒப்புக்கொள்கிறது. இந்த மாற்றங்களைச் செய்தவர்கள் ஒருவர் அல்லர் என்பதற்கும் தடயம் உண்டு: ஓரிடத்தில் எல்லா விலங்கிலும் ஒரு சோடி, இன்னோரிடத்தில் தூய விலங்குகளில் ஏழேழு சோடி; ஓரிடத்தில் 40 நாள், இன்னோரிடத்தில் 150 நாள். இரண்டு கதைகளைத் தொகுத்தவர் இரண்டையும் பக்குவமாகக் காப்பாற்றியிருக்கிறார். முரணை மறைக்க அவர் முயலவில்லை.

மதத்துக்கு இதனால் ஆபத்து என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி. இந்த வெள்ளத்தின் அடையாளங்களைத் தேடித் திரிந்த ஆங்கிலேயப் புவியியலாளர் அடம் செட்ஜ்விக் ஓர் ஆங்கிலிக்கன் குரு. சரளைப் படிவுகள் எல்லாம் ஒரே வெள்ளத்தில் வந்தவை என்ற தம் கருத்து தவறு என்று, 1831இல் இலண்டன் புவியியல் சங்கத்தின் தலைவர் ஆசனத்திலிருந்தே பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். குருத்துவத்தை அவர் கைவிடவில்லை.

கேள்வி: அரராத் மலையில் பேழை கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. பார்த்தீர்களா? (வாசகர், தெமட்டகொடை)

பதில்: எனக்கும் நான்கு பேர் அனுப்பினார்கள். படகு வடிவில் தெரிவது துருக்கியின் துருபினார் என்ற இடத்திலுள்ள மண்மேடு. அது இயற்கையாக அமைந்த பாறை மடிப்பு என்பதே அதை ஆராய்ந்த புவியியலாளரின் முடிவு. காணொளியில் வரும் பனிமூடிய சிகரம் 5,137 மீற்றர் உயரமுள்ள ஓர் எரிமலை. பேழை அந்தச் சிகரத்தில் தங்கியது என்று நூலும் சொல்லவில்லை. "அரராத் மலைகள்" என்று பன்மையில் ஒரு நாட்டைச் சொல்கிறது. அசீரியர் உரார்ட்டு என்று அழைத்த மலைநாடு அது. அந்த ஒற்றைச் சிகரத்துக்கு அரராத் என்ற பெயர் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது.